கெண்டைக்கால்

ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது எதிரணிக்காரரின் முதுகை. தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்கு இது உறைப்பதில்லை. கேமரா மேலே இருக்கிறது, களம் முழுக்கத் தெரிகிறது. கீழே நிற்கிறவர் நிலைமை வேறு. எதிரணி ஆள் ஒருவர் வலைக்கு முன்னால் வந்து, கீப்பருக்கு முதுகு காட்டி, காலை அகட்டி நின்றுகொள்வார். அவருடைய வேலை மறைப்பது. தூரத்திலிருந்து கூட்டாளி அடிக்கும் பக் எந்தப் பக்கமாக வருகிறது என்று கீப்பருக்குத் தெரியக் கூடாது. முடிந்தால் வழியில் மட்டையை நீட்டி அதன் திசையையும் மாற்றிவிடுவார். பக் என்பது சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. துள்ளக் கூடாதென்று ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுத்து வருவார்கள். நல்ல அடி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள வலையைக் காக்கிறவர், அந்த முதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த முதுகுக்காரர் அணிந்திருப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரை முன்பக்கம் கெட்டியான தட்டு. காலின் பின்பக்கத்தில் மட்டும் பெரும்பாலும் தடித்த காலுறையைத் தவிர வேறொன்றும் கிடையாது. வேகமாகச் சறுக்குகிறவருக்கு அங்கே கனம் ஏற்றினால் ஓட்டம் கெடும்; தவிர, அடி முன்னாலிருந்துதான் வரும் என்பது அந்தக் கவசத்தை வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. கீப்பர் கையில் இருப்பதோ மற்ற எவர் மட்டையையும்விட அகலமான, கனமான மட்டை. அது எட்டும் தூரத்தில் காப்பில்லாத கெண்டைக்கால்.

முரட்டு கீப்பர் என்றொரு ரகம் பிறந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முன்கோபக்காரர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தைக் காட்டி, இதை விட்டு அசையாதே, வருகிறதையெல்லாம் உடம்பில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்துக்குள் மற்றவர்கள் வந்து இடிப்பதைச் சட்டம் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது ஐஸ் ஹாக்கியில். வலைக்கு முன்னால் கோடு போட்டு கிரீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அதற்கு நீல வண்ணமும் பூசுகிறார்கள். கோடு இருந்ததே தவிர, எண்பதுகளின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்தால் அது சந்தைக்கடை மாதிரித்தான் இருக்கிறது. இடிக்கிறார்கள், மேலே விழுகிறார்கள், கீப்பரின் கையுறைக்கு அடியில் கிடக்கும் பக்கை மட்டையால் குத்திக் கிளறுகிறார்கள். நடுவர் பார்க்கிறார், சில சமயம் ஊதுகிறார்.

முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே இவர்களுக்கு வெகுகாலம் பிடித்தது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மாண்ட்ரியல் கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அதில் இஷ்டமில்லை, வேறு கீப்பரும் இல்லை. அதன் பிறகு முகமூடி நிலைத்தது. வலைக்கு முன்னால் இருந்த நெரிசல் அப்படியேதான் இருந்தது.

பில்லி ஸ்மித் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பெர்த் ஊர்க்காரர், 1950-ல் பிறந்தவர். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு ஸ்டான்லி கோப்பைகள், அதாவது வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இன் சாம்பியன் பட்டங்கள், கிடைத்தபோது வலையில் நின்றவர். கோடரிக்காரர் என்று பட்டப்பெயர். தன் கிரீஸுக்குள் நிற்கிற கால் யாருடையதாக இருந்தாலும் மட்டை அதன் மேல் இறங்கும். வேலை செய்யக் கொஞ்சம் இடம் ஏற்படுத்திக்கொள்கிறேன், வேறொன்றுமில்லை என்பது அவர் தரப்பு. தொழிலாளி ஒருவர் தன் பணியிடத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவர் இதைச் சொல்வது எனக்குப் பிடிக்கும். அடி வாங்கியவர்களுக்குப் பிடித்திருக்காது.

1983 இறுதித் தொடரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எதிரணி எட்மன்டன் ஆயிலர்ஸ். அந்த சீசனில் வெய்ன் கிரெட்ஸ்கி மட்டும் 71 கோல் போட்டிருந்தார். இளைஞர்கள், வேகக்காரர்கள், இவர்களை யாரும் நிறுத்த முடியாது என்பது அப்போதைய பேச்சு. முதல் ஆட்டத்தை எட்மன்டனிலேயே ஐலண்டர்ஸ் 2-0 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் ஸ்மித்தின் மட்டை கிளென் ஆண்டர்சனின் முழங்காலைப் பதம் பார்த்தது. அடுத்த ஆட்டத்தில், வலைக்குப் பின்னால் போன கிரெட்ஸ்கியின் மேல் பட்டது. கிரெட்ஸ்கி விழுந்தார், நடுவர் ஊதினார், எட்மன்டன் நகரமே ஸ்மித்தை எதிரியாகப் பார்த்தது. கிரெட்ஸ்கி நடித்தார் என்று ஸ்மித் சொன்னார். நான்காவது ஆட்டத்தில் ஆண்டர்சன் கடந்து போகும்போது ஸ்மித்தை லேசாகத் தட்டினார். ஸ்மித் வெட்டிச் சாய்த்த மரம்போல விழுந்து புரண்டார். ஆண்டர்சனுக்குப் பெனால்ட்டி. ஆட்டம் முடிந்து கோப்பையும் கைக்கு வந்த பிறகு, தான் வேண்டுமென்றே விழுந்ததாகவும், கிரெட்ஸ்கி செய்ததைத்தான் திருப்பிச் செய்ததாகவும் தொலைக்காட்சியில் சொன்னார். நான்கு ஆட்டங்களிலும் கிரெட்ஸ்கி ஒரு கோல்கூடப் போடவில்லை.

அந்த விழுதலைப் பதிவில் பார்க்கும்போது அவரைப் பற்றிய என் எண்ணம் மாறிற்று. கோபம் தலைக்கேறியவருக்கு இப்படிக் கணக்காக நடிக்க வராது. மட்டையை வீசியதும் கீழே விழுந்ததும் ஒரே மூளையின் வேலை. எதிரணிக்காரர் வலையை நெருங்கும்போது பக்கைப் பற்றி நினைக்க வேண்டிய நொடியில் தன் காலைப் பற்றி நினைக்க வேண்டும். அந்த நொடி ஸ்மித்துக்குப் போதும். தொடர் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையில் நின்று கைகுலுக்குவது அந்த விளையாட்டின் வழக்கம். ஸ்மித் அதற்கும் நிற்க மாட்டார். தோற்றாலும் சரி, ஜெயித்தாலும் சரி. இதைத் திமிர் என்றவர்கள் உண்டு. இரண்டு வாரம் ஒருவர் காலை வெட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்குவதில் இருக்கும் பொய்யைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹாக்கிச் சட்டத்தில் எனக்கு ஆச்சரியம் தரும் விதி ஒன்று உண்டு. தப்புச் செய்த ஆட்டக்காரர் பெனால்ட்டி பாக்ஸில் போய் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ உட்கார வேண்டும். அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். கீப்பர் தப்புச் செய்தால் அவர் போவதில்லை. களத்தில் இருந்த சக ஆட்டக்காரர் ஒருவர் அவருக்குப் பதிலாகப் போய் உட்காருவார். வெளியேற்றும் அளவுக்குப் பெரிய குற்றமானால் மட்டும் கீப்பர் போக வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆரம்பத்தில் இப்படியில்லை. 1923-ல் ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் ஒட்டாவா கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் பெனால்ட்டி வாங்கி உட்காரப் போனபோது, தற்காப்பு ஆட்டக்காரர் கிங் கிளான்சி மட்டையை வாங்கிக்கொண்டு வலையில் நின்றார். வலையை அப்படி விட்டுவைப்பது ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கும் என்று பின்னால் விதியை மாற்றினார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் அதன் பலன், களத்திலேயே கனமான மட்டையை வைத்திருப்பவர் அதை வீசிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்று ஆகிவிட்டது. ஸ்மித் இந்தக் கணக்கை அறிந்திருந்தார். அவருக்காகப் போய் உட்கார்ந்தவர்கள் பெயரை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

ரான் ஹெக்ஸ்டால் வேறு மாதிரி.

மனிடோபாவின் பிராண்டன் ஊரில் 1964-ல் பிறந்தவர். தாத்தா பிரையன் ஹெக்ஸ்டால், 1940-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கோப்பையை வென்று தந்த கூடுதல் நேரக் கோலை அடித்தவர். அப்பாவும் என்.எச்.எல். ஆட்டக்காரர். சித்தப்பா டென்னிஸும் அப்படியே, அதுவும் பெனால்ட்டி பாக்ஸில் நிறையக் காலம் கழித்தவர். எல்லோரும் கோல் போடுகிற குடும்பத்தில் இவர் ஒருவர் மட்டும் கோல் தடுக்கப் போனார். 1986-87-ல் பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்கு வந்த முதல் வருஷமே சிறந்த கீப்பருக்கான வெசினா விருது. இறுதித் தொடரில் எட்மன்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றும், தோற்ற அணியிலிருந்து அவருக்குத்தான் தொடர் நாயகன் விருது. அதே வருஷம் 104 பெனால்ட்டி நிமிடங்கள். மறு வருஷமும் 104. அதற்கடுத்த வருஷம் 113. எந்த கீப்பரும் ஒரு சீசனில் அவ்வளவு வாங்கியதில்லை.

அவர் நிற்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டம் நிற்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் மட்டையால் இடது கம்பத்தில் ஓர் அடி, வலது கம்பத்தில் ஓர் அடி, மறுபடி இடது, மறுபடி வலது. இரும்பில் மரம் மோதுகிற ஓசை பதிவுகளில் கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. உயரமான ஆள், ஆறடி மூன்று அங்குலம். வலை இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்வதற்குப் பல கீப்பர்கள் கம்பத்தைத் தொட்டுப் பார்ப்பதுண்டு. இவர் அதைத் தொடவில்லை, அறைந்தார். கீப்பர்கள் காலில் கட்டும் பேடுகள் அந்தக் காலத்தில் தோலால் ஆனவை, உள்ளே விலங்கு முடி அடைத்திருக்கும். ஆட்டம் போகப் போகத் தண்ணீரையும் வியர்வையையும் குடித்துக் கனத்துக்கொண்டே போகும். மூன்றாவது பகுதியில் அவர் இழுத்துக்கொண்டு நின்றது முதல் பகுதியில் கட்டிக்கொண்டு வந்த எடையல்ல.

1987 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். கிளென் ஆண்டர்சன் வலைக்கு முன்னால் ஹெக்ஸ்டாலை மட்டையால் அடித்துவிட்டுப் போகிறார். ஆம், அதே ஆண்டர்சன். நடுவர் ஊதவில்லை. ஹெக்ஸ்டால் நிமிரும்போது எதிரில் சறுக்கிக்கொண்டு போகிறவர் கென்ட் நில்சன், ஸ்வீடன்காரர், அடிதடிக்குச் சம்பந்தமே இல்லாத வித்தைக்காரர். ஹெக்ஸ்டால் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து நில்சனின் காலின் பின்பக்கம் வீசினார். பதிவில் அதைப் பார்க்கிறவர்கள் தங்களையறியாமல் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அடுத்த சீசன் தொடக்கத்தில் எட்டு ஆட்டங்களுக்குத் தடை.

எனக்கு மன்னிக்க முடியாத அடி இது. கொடூரத்தில் இதைவிட மோசமானவை உண்டு. இது ஆள் மாறி விழுந்த அடி. ஆண்டர்சனின் கடனை நில்சனின் கால் கட்டிற்று. ஸ்மித்தின் மட்டை எவ்வளவு கொடூரமானாலும் தன் இடத்துக்குள் வந்தவரைத்தான் தேடியது. அதில் ஒரு விலாசம் இருந்தது. ஹெக்ஸ்டாலின் இந்த அடிக்கு விலாசம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து நடந்தது இதற்கு நேர்மாறு. 1989-ல் மாண்ட்ரியலுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் கிறிஸ் செலியோஸ் முழங்கையால் இடித்ததில் ஃபிளையர்ஸின் பிரையன் பிராப் நினைவிழந்து பனியில் கிடந்தார். செலியோஸுக்குப் பெனால்ட்டி இல்லை, தடை இல்லை. மே 11, ஆறாவது ஆட்டம், பிலடெல்பியா. தோல்வி உறுதியாகிவிட்டது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். ஹெக்ஸ்டால் வலையை விட்டுப் பாய்ந்து வந்து செலியோஸ் மேல் விழுந்தார். கையிலிருந்த தடுப்புக் கையுறையைக் கழற்றி அவர் மேல் வீசினார். பன்னிரண்டு ஆட்டத் தடை. சம்பந்தமில்லாதவரை வெட்டியதற்கு எட்டு, சம்பந்தப்பட்டவரை அடித்ததற்குப் பன்னிரண்டு. மறுமுறை செய்தவர் என்பதால் லீக்குக்கு அது சரியான கணக்கு. பிலடெல்பியாவில் இன்றும் ரசிகர்கள் அந்த இரண்டாவது சம்பவத்தைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள், முதலாவதை யாராவது நினைவூட்டினால்தான் உண்டு. அவர்கள் ரசனையில் ஏதோ ஒரு நீதி இருக்கிறது என்று எனக்கும் படுகிறது, அதைச் சட்டமாக எழுதச் சொன்னால் எழுத முடியாது என்றாலும்.

ஃபிளையர்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எழுபதுகளில் அடித்தே ஜெயிக்கிற அணி என்று பேர் வாங்கி, 1974-லும் 75-லும் கோப்பை வென்றார்கள். அந்த அணியின் கீப்பர் பெர்னி பேரன்ட் பரம சாது. அவர் முன்னால் யாராவது நின்றால் கவனித்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள், அவர் ஏன் மட்டையைத் தூக்க வேண்டும்? ஹெக்ஸ்டால் காலத்திலும் ஃபிளையர்ஸில் அடியாட்களுக்குக் குறைவில்லை. ஆகவே என் விளக்கம் இங்கே கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. நெரிசல் மட்டுமே காரணமானால் ஹெக்ஸ்டால் இப்படி ஆகியிருக்கத் தேவையில்லை. தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் ஓடி ஆடிய களத்தில் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தவரின் தவிப்பும் அதில் இருந்திருக்கலாம். இதற்கு ஒரு தடயம் உண்டு. என்.எச்.எல். வரலாற்றில் கோல் போட்டதாகப் பதிவான முதல் கீப்பர் பில்லி ஸ்மித், 1979-ல். எதிரணிக்காரர் தவறிப்போய்த் தன் காலி வலைக்குள்ளேயே பக்கை அனுப்பிவிட, கடைசியாக அதைத் தொட்டவர் என்ற வகையில் அது ஸ்மித் கணக்கில் ஏறியது. நிஜமாகவே குறிபார்த்து, களத்தின் மறுகோடி வலைக்குள் பக்கை அடித்த முதல் கீப்பர் ஹெக்ஸ்டால். 1987 டிசம்பர் 8, பாஸ்டனுக்கு எதிராக. மட்டையால் வெட்டியவரும் களத்தைத் தாண்டி அடித்தவரும் ஒருவரேதான்.

கீப்பரும் கீப்பரும் மோதிக்கொள்கிற கதைகள் நிறைய. 1997 மார்ச் 26 அன்று டெட்ராய்ட்டில் பாட்ரிக் ருவாவும் மைக் வெர்னனும் நடுக்களத்தில் குத்திக்கொண்டதை ஹாக்கி தெரியாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். உயரத்தில் குறைந்த வெர்னன் கை ஓங்கியது, ருவா முகத்தில் ரத்தம். இதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. முறைப்படி ஜோடி சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது; இருவருக்கும் சம்மதம், கூட்டத்துக்குக் கொண்டாட்டம். தன் கூட்டாளிக்கு உதவ ருவா ஓடி வந்தபோது குறுக்கே பாய்ந்து மோதியவர் வெர்னன் அணியின் பிரெண்டன் ஷானஹன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சம்மதம் இல்லாமல் நடந்தது 2013 நவம்பர் 1 அன்று. மறுபடி பிலடெல்பியா. வாஷிங்டனிடம் ஃபிளையர்ஸ் 0-7 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாவது பகுதியில் களத்தில் கைகலப்பு மூண்டதும் ஃபிளையர்ஸ் கீப்பர் ரே எமரி களம் முழுவதையும் கடந்து போய் வாஷிங்டன் கீப்பர் பிரேடன் ஹோல்ட்பியைப் பிடித்தார். ஹோல்ட்பிக்குச் சண்டை போட இஷ்டமில்லை என்பதை எமரியே பிறகு ஒப்புக்கொண்டார். தற்காத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடித்திருக்கிறார். எமரி முரடர் மட்டுமல்ல. இடுப்பெலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் நோய் வந்து, இனி ஆட முடியாது என்ற நிலையிலிருந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தவர். 2007-ல் பஃபலோவுக்கு எதிராக இரண்டு பேருடன் அடுத்தடுத்துச் சண்டை போட்டபோது முகமெல்லாம் சிரிப்பாக நின்ற படம் பிரபலம். ஹோல்ட்பியை அடித்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. தோல்வியின் வெறுப்பு ஆளைத் தேடி அலைந்து எதிர்முனையில் தன்னைப் போலவே பேடு கட்டி நின்றவரைக் கண்டுபிடித்தது. எமரியைத் தடைசெய்ய விதியில் இடமில்லை என்று அறிவிக்க வேண்டிய பொறுப்பு அப்போது லீக்கின் ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறைத் தலைவருக்கு. அவர் பெயர் பிரெண்டன் ஷானஹன். எமரி 2018-ல் ஹாமில்டன் துறைமுகத்தில் நீந்தப் போய் மூழ்கி இறந்தார், 35 வயதில்.

மட்டைக்குப் பதில் சட்டம் காவலுக்கு வந்த கதை அவ்வளவு கௌரவமானதில்லை. தொண்ணூறுகளில், பக் நுழையும் முன் எதிரணிக்காரரின் கால் கிரீஸுக்குள் இருந்தால் கோல் செல்லாது என்று கறாராக அமல்படுத்தினார்கள். வீடியோவில் பூட்ஸ் நுனியைத் தேடுவது வாடிக்கையானது. கீப்பருக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் நுனி உள்ளே இருந்தால் கோல் போயிற்று. 1999 ஜூனில் பஃபலோவில், இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரத்துக்குப் போய் நள்ளிரவு தாண்டியபோது, டல்லஸின் பிரெட் ஹல் டோமினிக் ஹாஷெக்கைத் தாண்டி அடித்த கோலில் ஹல்லின் கால் கிரீஸுக்குள் தெளிவாக இருந்தது. கோல் செல்லும் என்றார்கள், கோப்பையும் போயிற்று. பக் ஹல்லின் வசம் இருந்தது என்பது லீக்கின் விளக்கம். பஃபலோக்காரர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. வருஷமெல்லாம் கறாராக இருந்த விதி கோப்பை இரவில் நெகிழ்ந்தது, அந்த சீசனோடு கைவிடவும்பட்டது. 2015 முதல் கீப்பருக்கு இடையூறு நடந்ததா என்று பயிற்சியாளர்கள் சவால் விடலாம். தொடக்கத்தில் நடுவர்கள் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். எது இடையூறு, எது இல்லை என்பதில் இரண்டு ரசிகர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்மித்தின் மட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம். நில்சன் போன்றவர்கள் பயமில்லாமல் வலைக்கு முன்னால் போகலாம். ஆண்டர்சன்களும் போகலாம்.

கிளென் ஆண்டர்சன் 2008-ல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். பில்லி ஸ்மித்துக்கு 1993-லேயே அந்த மரியாதை கிடைத்துவிட்டது. ஹெக்ஸ்டாலுக்கு இல்லை. அவர் 2014-ல் ஃபிளையர்ஸின் பொது மேலாளர் ஆனார். பெரிய ஆட்டக்காரர்களை அவசரமாக விலைக்கு வாங்காமல், இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பழுக்கும்வரை கீழ் லீக்கில் விட்டுவைத்தார். வருஷங்கள் போயின, வெற்றி வரவில்லை, அவர் வழியை மாற்றவும் இல்லை. 2018 நவம்பரில் நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அளவுக்கு மிஞ்சிப் பொறுமையாக இருக்கிறார் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்பட்ட குறை. 113 நிமிடக்காரருக்கு இப்படியொரு குற்றச்சாட்டா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஒரு சீசனுக்கு ஐம்பது, அறுபது ஆட்டம் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தானே. 2021-ல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அதே வேலைக்கு அவரைக் கூப்பிட்டது. அங்கும் இரண்டு வருஷம்தான் வைத்திருந்தார்கள்.